தக்காளியின் அடியில் ஒரு கறுப்பு

ஒரே தட்டில் முளைத்த எட்டுத் தக்காளி நாற்றுகளில் நான்கைத் தொட்டிகளிலும் நான்கைப் பாத்தியிலும் நட்டேன். எங்கே நன்றாகக் காய்க்கிறது என்று பார்க்கும் ஆசை. தொட்டி ஒவ்வொன்றும் 20 லிட்டர் கொள்ளும். மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. செங்கல் அடுக்கி ஓரடி உயரம் எழுப்பிய பாத்தியிலும் அதே கலவைதான். அடியில் மட்டும் தரை உண்டு.

முதல் ஒன்றரை மாதம் தொட்டிகள்தான் முந்தின. முதலில் பூத்ததும் பிஞ்சு விட்டதும் அவைதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

55ஆம் நாள் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தேன். காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த இடத்தில், நீர் கோத்ததுபோல் ஒரு வட்டம். நான்கு நாளில் அது கறுத்து, உட்குழிந்து, பழைய தோல் செருப்பின் அடிபோல் தடித்துவிட்டது. ஒரு வாரத்தில் தொட்டிகளில் பதினொரு காய்கள் அப்படி.

நோய் என்று முடிவு கட்டி வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். பூச்சியும் பூஞ்சையும் காரணமாக இருந்தால்தானே அது கேட்கும்? காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வரும் குறை இது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உடனே முட்டை ஓடுகளை நொறுக்கிப் போட்டேன். அதுவும் அவசரக் குடுக்கை வேலைதான்; ஓடு மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதைவிட, என் கண்முன்னே இருந்த ஒன்றை நான் பார்க்கவே இல்லை. பாத்தியில் ஒரு காயில்கூடக் கறை கிடையாது. கலவையில் கால்சியம் குறைவென்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் தண்ணீரில் இருந்தது. வேர் உறிஞ்சும் நீரோடுதான் கால்சியம் மேலே ஏறுகிறது. நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகள் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள, காய்க்கு மிச்சம்தான். இடையில் மண் காய்ந்தால் அந்த மிச்சமும் நின்றுவிடும். காலையில் ஒரு தடவை, துளைவழி வழியும்வரை ஊற்றிவிட்டு, நிறைய ஊற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை விரலை விட்டுப் பார்த்தால் இரண்டாம் கணுவரை பொடி. காய்ந்த கலவை சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விரல்கடை அளவு விலகியிருந்தது. நான் ஊற்றிய நீரெல்லாம் அந்த இடுக்கு வழியே இறங்கி வெளியே ஓடியிருக்கிறது! நடுவேர் அதைக் கண்டதே இல்லை.

அன்றிலிருந்து காலையும் மாலையும், கொஞ்சம் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் ஊற்றுகிறேன். மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு. கறுத்த காய் தேறாது, எல்லாவற்றையும் கிள்ளிவிட்டேன்.

பாத்தியின் மறுகோடியில் சுரைக்கொடி. பிஞ்சோடு வந்த பெண்பூக்கள் மஞ்சளித்து உதிர்ந்துகொண்டே இருந்தன. சுரைப்பூ அந்தியில்தான் விரியும் என்பதால், பகலில் வரும் தேனீயை நம்பிப் பயனில்லை. இருட்டும் நேரத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவினேன். தொட்ட மூன்றில் இரண்டு தங்கின. வெண்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: இரவு ஊறவைத்து நேரடியாக ஊன்றினேன், வந்தது, பறிக்கிறேன்.

இன்று 92ஆம் நாள். மூன்று தொட்டிகளில் புதுக்காய்கள் எல்லாம் சுத்தம். நான்காவதற்கு மட்டும் வேண்டுமென்றே சருகு போடவில்லை. தண்ணீர் மற்றவற்றுக்கு ஊற்றும் அளவுதான். நேற்று அதில் ஒரு காயைத் திருப்பினேன். அடியில் நீர் கோத்த வட்டம்.