குன்னூர் ரக்பியைப் பேப்பரில் வரவைத்த கதை

விளையாட்டுப் பக்கத்தை மறந்துவிடுங்கள். ஊர்க் கிளப் ஆட்டத்தைத் தமிழ்ப் பேப்பரில் கொண்டுவர நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். அந்தப் பக்கம் பெரும்பாலும் சென்னையில் தயாராகி எல்லாப் பதிப்புக்கும் ஒன்றாகப் போகிறது. கிரிக்கெட் போக மிஞ்சுகிற இடத்துக்கு டென்னிஸ், செஸ், கபடி எல்லாம் வரிசையில் நிற்கின்றன. குன்னூரில் இரண்டு அணிகள் சேற்றில் புரண்டதற்கு அங்கே இடம் கிடைக்காது. நமக்கான இடம் மாவட்டப் பக்கம். நீலகிரிக்கு அது கோவைப் பதிப்போடு வருகிறது. அங்கே நமக்குப் போட்டி கோலியும் தோனியும் இல்லை. குடியிருப்புக்குள் வந்த காட்டெருமை, பசுந்தேயிலை விலை, மண்சரிவு, கேரட் விலை. இவற்றோடு மோதி ஒரு சின்ன இடம் பிடிக்க முடியும். சிரமம்தான், ஆனால் முடியும்.

நான் ஆட்டக்காரி இல்லை. தம்பி இங்கே ரக்பி கிளப்பில் ஆடுகிறான். அவனுக்காகக் கணக்கு நோட்டு எழுதப் போனேன். அப்புறம் ஜெர்சி சலவைக்குப் போடும் வேலை வந்தது. கடைசியில் “அக்கா, பேப்பர்ல போடச் சொல்லுங்களேன்” என்று இதுவும் என் தலையில் விழுந்தது. இன்ஸ்டாகிராமில் பையன்கள் தினமும் போடுகிறார்களே, பேப்பர் எதற்கு என்று கேட்கலாம். மைதானத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுக்கும்போது இன்ஸ்டாகிராமைக் காட்ட முடியாது. பிளஸ் டூ படிக்கிற பெண்ணை விளையாட அனுப்பச் சொல்லி அவளுடைய அப்பாவிடம் பேசும்போதும் காட்ட முடியாது. பேப்பரில் வந்தால்தான் எங்கள் ஊரில் அது விளையாட்டு. இல்லையென்றால் வேலையில்லாத பசங்க தள்ளுமுள்ளு.

பதிப்பு அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்புவதில் பயனில்லை. அது கிணற்றில் போட்ட கல். வழி காட்டியது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேப்பர் போடுகிற ஏஜென்ட். எந்த நிருபர் எந்த ஊரைப் பார்க்கிறார், யார் போனை எடுப்பார், யார் எடுக்கமாட்டார் என்று பேப்பர் ஏஜென்ட்டுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தாலுகா அளவில் செய்தி தருகிறவர்கள் பெரும்பாலும் பகுதிநேர நிருபர்கள். எங்களுக்குக் கிடைத்த அண்ணனுக்கு ஜெராக்ஸ் கடைதான் பிழைப்பு. செய்தி அவருக்கு ஆசைக்கும் கௌரவத்துக்கும். அதனால் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் கடைக்கே போய் நின்றேன்.

“ரக்பின்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஆடுவாங்களே, அதுதானம்மா?”

“இல்லைங்கண்ணா, அது அமெரிக்கன் ஃபுட்பால். இதுல ஹெல்மெட் கிடையாது.”

“அப்ப மண்டை உடையாதா?” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: “பாரும்மா, கோவையில டெஸ்க்ல உட்கார்ந்து செய்தியைத் திருத்திப் பக்கத்துல போடுறவருக்கு நான் போன்ல ஒரு நிமிஷத்துல புரியவைக்கணும். எனக்கே புரியலைன்னா எப்படிப் போடுவாங்க?”

நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வரச் சொன்னோம், வந்தார். பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம், முன்னே கொண்டுபோக வேண்டுமென்றால் கையில் பிடித்துக்கொண்டு ஓடணும், இல்லை காலால் உதைக்கணும் என்றதும் அவருக்கு ஆட்டம் பிடித்துப்போனது. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் ட்ரை, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதை 3. ஜெராக்ஸ் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். கவரில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று எங்கள் பொருளாளர் பயந்துகொண்டே இருந்தார். அண்ணன் வாங்கியது டீயும் இரண்டு வர்க்கியும்.

முதல் செய்தி வந்தது. “24–19 என்ற கோல் கணக்கில் குன்னூர் அணி வெற்றி.” இருபத்து நாலு கோல்! தம்பியின் நண்பர்கள் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள். அதைவிடப் பெரிய கூத்து படம். நாங்கள் அனுப்பிய படத்தில் பனிமூட்டம் மட்டும்தான் இருந்தது. பதினான்கு பேரும் பந்தும் அதற்குள் எங்கோ இருந்தார்கள். டெஸ்க்கில் யாரோ இணையத்தில் தேடி, ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிய அமெரிக்கர்கள் படத்தைப் போட்டுவிட்டார்கள். எங்கள் கேப்டனின் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதில் பேரனைத் தேடியிருக்கிறார்.

அடுத்த முறையிலிருந்து செய்தியின் அடியில் தனி வரியாக எழுதினேன்: “கோல் அல்ல, புள்ளி.” அந்த வரி அச்சாகாது, ஆனால் பக்கம் போடுகிறவர் கண்ணில் படும். இன்றுவரை மறுபடி கோல் வரவில்லை.

எழுதும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. கேப்டன் எழுதித் தருவது இப்படி இருக்கும்: “முதல் பாதியில் ஸ்க்ரம்மில் ஆதிக்கம் செலுத்திய நமது அணி, லைன்அவுட்டில் தொடர்ந்து பந்தைக் கைப்பற்றி…” ரக்பி தெரிந்தவனுக்கு அமிர்தம். டெஸ்க்கில் இருப்பவர் இரண்டாவது வரியில் கொட்டாவி விடுவார். அதே ஆட்டத்தை நான் இப்படி அனுப்பினேன்: “இரு அணிகளும் தலா 19 புள்ளியுடன் சமநிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் எடப்பள்ளியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் பந்துடன் எதிரணிக் கோட்டைக் கடந்து 5 புள்ளி பெற்றுத் தந்தார்.” ஸ்க்ரம்மும் இல்லை, லைன்அவுட்டும் இல்லை. கேப்டனுக்கு மனசே இல்லை. ஆனால் எடப்பள்ளி, ஜெகதளா, கேத்தி, அதிகரட்டி என்று ஊர்ப் பெயர் வந்தால் அந்த ஊரில் நாலு பேர் கூடுதலாகப் பேப்பர் வாங்குவார்கள். நிருபருக்கும் ஏஜென்ட்டுக்கும் அது தெரியும். ஆடியவனின் ஊரும் அவன் என்ன படிக்கிறான் என்பதும் இல்லாத செய்தியை நான் இப்போதெல்லாம் அனுப்புவதே இல்லை.

நேரம்தான் கடைசிவரை தொல்லை. கோவையில் அச்சடித்த கட்டுகள் ராத்திரியே மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியாக வேண்டும். அதனால் நீலகிரிப் பக்கத்தை மற்றதைவிட முன்னாலேயே முடித்துவிடுவார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் முடிகிற ஆட்டம் மறுநாள் வராது. அதற்கு மறுநாள் அது பழைய செய்தி. போதாக்குறைக்குக் குன்னூரில் மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிவிடும், படமும் போச்சு. இறுதி ஆட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வையுங்கள் என்று கமிட்டியில் கேட்டேன். “பேப்பருக்காக ஆட்டமா, ஆட்டத்துக்காகப் பேப்பரா?” என்று ஒரு பெரியவர் குதித்தார். நல்லவேளை, நாங்கள் அதிகம் ஆடுவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ். பாதிக்கு 7 நிமிடம், ஒரு ஆட்டத்துக்கு மொத்தமே 14 நிமிடம். காலை எட்டுக்கு ஆரம்பித்தால் சின்னப் போட்டி ஒன்றைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடலாம். பதினைந்து பேர் ஆடும் முழு ஆட்டம் என்றால் 80 நிமிடம். அந்தப் பெரியவர் ஜெயித்திருப்பார்.

படத்துக்கு அண்ணன் சொன்ன பாடம்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பு. படுக்கைவாக்கில் எடு. முகமும் பந்தும் ஒரே படத்தில் தெரியணும். இடமிருந்து வலமாகப் பெயர் எழுது, இன்ஷியல் விட்டுப்போகக் கூடாது. இன்ஷியல் விட்டுப்போனால் வீட்டிலிருந்து அவருக்குத்தான் போன் வருமாம்.

ஜெர்சி வாங்கிக் கொடுத்த பேக்கரிக்காரர் விஷயம் வேறு. செய்தியில் அவர் கடைப் பெயரை எத்தனை முறை எழுதினாலும் வெட்டிவிடுவார்கள். கடைப் பெயர் வேண்டுமென்றால் விளம்பரம் கொடுக்கணும், அது அவர்கள் தொழில், குறை சொல்ல முடியாது. அணிக்குப் பின்னால் பேனர் பிடித்துப் பார்த்தோம். பேனரை மட்டும் நறுக்கிவிட்டுத் தலைகளைப் போட்டார்கள். இப்போது பெயர் ஜெர்சியின் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சை வெட்ட முடியாதல்லவா.

மனசு நொந்தது ஒரே ஒரு முறை. ஒரு பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. போட்டி ஜெயித்தபோது ஒற்றைப் பத்தியில் போட்ட பேப்பர், அதை இரண்டு பத்தி அகலத்தில் படத்தோடு போட்டது. அடுத்த வாரம் பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை. அண்ணனிடம் போய்ச் சண்டை போடவில்லை; அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. தோளுக்கு மேல் பிடித்தால் பெனால்டி, தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரர் வெளியே வந்தாக வேண்டும், பல்லுக்குக் கவசம் போடாமல் நாங்கள் யாரையும் இறக்குவதில்லை. இதையும் போடுங்களேன் என்று கேட்டேன். “விதிமுறை எல்லாம் செய்தி ஆகாதும்மா. வேற ஏதாவது கதை இருக்கா? ஊட்டிக்கும் ரக்பிக்கும் சம்பந்தம் உண்டா?”

ஸ்னூக்கர் விதிகள் ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டவை என்று அவ்வப்போது எந்தப் பேப்பரிலாவது வரும். அதே மாதிரி ஒன்றை எதிர்பார்த்தார். ரக்பிக்கு அப்படி ஒன்றை நான் இட்டுக்கட்டத் தயாரில்லை. ஆனால் கல்கத்தா இருந்தது. 1870களில் அங்கே ஒரு ரக்பி கிளப் நடந்தது. அதைக் கலைத்தபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கிக் கோப்பையாகச் செய்து இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்புகள், மூடியின் மேல் ஒரு யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான் மோதுகின்றன. நம் ரூபாயை உருக்கிய கோப்பை என்றதும் அண்ணனுக்குக் கண் விரிந்தது. பெட்டிச் செய்தியாக வந்தது. அதன் கடைசி இரண்டு வரியில் பல் கவசமும் தோளுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதும் நுழைந்துவிட்டன. அந்தப் பெட்டியை நகலெடுத்து (அண்ணன் கடையிலேயேதான், காசு வாங்கிக்கொண்டார்) வீடு வீடாகக் கொடுத்தோம். வராமல் போனவர்களில் பலர் திரும்பினார்கள்.

வெளியூர்ச் செய்தி ஒன்று கைகொடுக்கும் சமயமும் உண்டு. 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீகின் முதல் சீசன் மும்பையில் நடந்து, சென்னை புல்ஸ் கோப்பையை வென்றது. அன்றைக்கு அண்ணனே கூப்பிட்டார்: “ஏம்மா, சென்னை டீம் கப் அடிச்சிருக்கே, நம்ம பசங்க யாராவது ரெண்டு வார்த்தை சொல்வாங்களா?” இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது, மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே பந்தோடு நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பினோம்.

தோற்ற ஆட்டத்தையும் அனுப்புகிறேன். “தோத்ததையுமா?” என்று அண்ணன் கேட்டார். ஜெயித்தபோது மட்டும் போனால் தம்பட்டம் என்று நினைப்பார்கள். தோற்றதும் தவறாமல் வந்தால் நம் கணக்கை நம்புவார்கள். சில முறை கடைசி மூலையில் ஒரு வரியாக வந்திருக்கிறது.

மே மாதத்தில் மட்டும் போட்டி வைக்க வேண்டாம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பார்க்கில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று பக்கம் முழுக்கப் பூவும் காயுமாக இருக்கும். போதாததற்கு டிராஃபிக் ஜாம் செய்தி. பெண்கள் அணியின் முதல் போட்டியை ஜனவரிக்குக் கேட்டிருக்கிறோம். உறைபனி காலம், காலையில் தரை வழுக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். பெயர்ப் பட்டியலை இன்ஷியலோடு இப்போதே வாங்க ஆரம்பித்துவிட்டேன். இன்னும் மூன்று பேர் தரவில்லை.