பங்கு கேட்டால் வில்லி

சீரியலில் யாராவது பத்திரத்தை நீட்டி "போடு கையெழுத்து" என்று மிரட்டினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அத்தைக்குக் கோபம் வரும். "அவளே அழுதுகிட்டு இருக்கா, உனக்கு என்னடி சிரிப்பு?" என்பார். பத்திர எழுத்தரிடம் டைப்பிங் வேலை பார்க்கிறவளுக்கு அந்தக் காட்சியில் அழுகை எப்படி வரும்?

வெற்று ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டால் வீடு கைமாறிவிடாது. வீட்டை விற்றாலும், பங்கை விட்டுக்கொடுத்தாலும், குடும்பத்தில் ஒருவருக்குத் தானமாக செட்டில்மென்ட் எழுதினாலும் பதிவு செய்தாக வேண்டும். எழுதிக் கொடுத்தவர் சார்பதிவாளர் முன்னால் வந்து உட்கார வேண்டும். போட்டோ எடுப்பார்கள், விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள், எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்பார்கள். "இல்லை, நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று அவள் சொல்லிவிட்டால் போதும், பதிவுச் சட்டப்படி அந்த அதிகாரி பதிவை மறுத்தே ஆக வேண்டும். ஆறு மாதம் இழுத்த சதி அந்த நாற்காலியிலேயே முடிந்துபோகும். நாயகிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் திங்கள் முதல் சனி வரை எதைக் காட்டுவது?

உயில் கதை இன்னும் வேடிக்கை. சீரியல் உயிலைத் திருடுவார்கள், எரிப்பார்கள், பீரோவில் மாற்றி வைப்பார்கள். எழுதியவரோ பக்கத்து சோபாவில் காபி குடித்துக்கொண்டிருப்பார். ஐயா, அவர் உயிரோடு இருக்கிறவரை அந்தக் காகிதத்தால் யாருக்கும் ஒரு செங்கல்கூடப் போகாது. நாளைக்கே இரண்டு சாட்சிகளை வைத்து வேறு உயில் எழுதலாம். அதற்கு ஸ்டாம்பு பேப்பரும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை.

சரி, இந்தக் குறைகளெல்லாம் தொழில் புத்தி. எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. நம் சீரியல்களில் தனக்கென்று பங்கு கேட்கிற பெண் யார் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நாத்தனார். பெரிய பொட்டு, உருட்டுகிற கண், அவள் வாசலில் கால் வைத்ததும் ஒரு தனி மியூசிக். நாயகியோ கேட்கவே மாட்டாள். குடும்பச் சொத்தைக் காப்பாற்றுவாள், அடகுவைத்த வீட்டை மீட்பாள், திருட்டுப்போன பத்திரத்தைக் கண்டுபிடிப்பாள், கடைசியில் எல்லாவற்றையும் மாமனார் காலடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதுதான் தைரியமான பெண் என்று நமக்குக் காட்டப்படுவது. 2000-த்தில் இந்தி சீரியலில் துளசி என்ற மருமகள் வந்த காலத்திலிருந்து இங்கே இன்று ஓடுவது வரை பெரும்பாலும் இதே அளவுகோல்தான்.

'கோலங்கள்' அபி கொஞ்சம் வேறு மாதிரி. 2003-ல் தொடங்கி 2009 வரை, 1500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அபியாக நடித்த தேவயானி அழுதது நிறைய, ஆனால் கம்பெனி முதலாளியாக ஃபைலில் கையெழுத்துப் போட்டதும் உண்டு. விவாகரத்து வாங்கியவள் கட்டட வேலையில் இறங்கி நின்றது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பேச்சாகவே இருந்தது. அவளுக்கு எதிரியாக வந்த ஆதியும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தான். வெளியே இருந்து வில்லனைக் கூட்டிவரத் தேவையே இல்லை என்று இயக்குநர் திருச்செல்வத்துக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அவரே எடுத்த 'எதிர்நீச்சல்' 2022-ல் வந்தது. எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு யார் போன் செய்தாலும் அத்தை எடுக்க மாட்டார். படித்த பெண்களாகப் பார்த்து மருமகளாக்கி, அடுப்படியில் நிறுத்துகிற குடும்பம். அந்தக் குடும்பத்தின் தலைவனாக நடிகர் மாரிமுத்து செய்த ஆதி குணசேகரனைத் திட்டிக்கொண்டே ரசித்தோம். 2023 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது அத்தை சொந்தக்காரர் போனதுபோல ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது குணசேகரன் இல்லை, அப்பத்தா. அந்தக் கிழவியின் பேரில் இருந்த 40 சதவீதப் பங்கு. அத்தனை பேரையும் 'ஏய்' என்று அதட்டுகிற மனுஷன், அந்தப் பங்கைச் சுற்றிச் சுற்றி வருவான். வீட்டில் யார் குரல் உயரும், யார் குரல் தாழும் என்பதை அந்த 40 சதவீதம் தீர்மானித்தது. இதை நான் எங்கள் மேஜையில் தினமும் பார்க்கிறேன். வீடு அம்மா பேரில் இருந்தால் மகன்கள் அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்.

மிரட்டலையோ நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தங்கை கையெழுத்துப் போட வருகிற அன்றைக்கு அவளை ராணி மாதிரி கூட்டிவருவார்கள். காரில் முன் சீட், ஜூஸ், மதியம் நல்ல சாப்பாடு. போன மாதம் அப்படி ஓர் அக்கா வந்தார். இரண்டு தம்பிகள். பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை வழக்கப்படி நான் வாசித்துக்காட்டினேன். "இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியமும் கிடையாது" என்ற வரி வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். "பிள்ளைங்களுக்கும் கிடையாதா?" என்று கேட்டார். கிடையாது என்றேன். பெரிய தம்பி, "அக்கா, நாங்க இல்லாமயா போயிடுவோம்?" என்றார், அன்பாகத்தான். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். வில்லனும் இல்லை, மியூசிக்கும் இல்லை. எந்த நாயகியும் இந்தக் கையெழுத்திலிருந்து தப்பிக்கத் தெரிந்தவள் இல்லை.

சட்டம் எப்போதோ முன்னால் போய்விட்டது. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான மகள்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்து அந்த வித்தியாசத்தையும் எடுத்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனையும் நடந்தபிறகும் சீரியலில் பிறந்த வீட்டுப் பங்கைக் கேட்டு வருகிறவள் பேராசைக்காரி. அத்தையும் விடாமல் சொல்வார்: "நகை போட்டு அனுப்பினாங்கல்ல, இன்னும் என்ன பங்கு?" அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1989-க்கு முன்னால். நகை எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

கதை எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு காட்சி தருகிறேன், பணம் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகம், டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். தம்பி, தம்பி மனைவி, அம்மா, மாமா எல்லோரும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக நிற்கிறார்கள். நாயகி நாற்காலியில் உட்காருகிறாள், விரல் வைக்க மாட்டேன் என்கிறாள். கத்தாமல், அழாமல். அதிகாரி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். வந்தது எல்லோரும் ஒரே காரில். திரும்பும்போது அவளை முன் சீட்டில் உட்கார வைப்பார்களா, பஸ்ஸுக்கு விடுவார்களா? அம்மா யாரோடு போவார்? இதிலிருந்து தொடங்கினாலே 100 எபிசோடு தாங்கும், நாத்தனாருக்குப் பெரிய பொட்டு வைக்காமலே.