டர்போவைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால்

சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது, நன்றாக இழுத்துக்கொண்டிருந்த பிக்கப் 'புஸ்' என்று ஒரு சத்தம் விட்டுச் சட்டென்று சோர்ந்துபோகும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தாலும் கரும்புகைதான் வரும். தர்மபுரி வந்து சேர்வதற்குள் "டர்போ போச்சு" என்று, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் இப்படித் திடீரென்று வரும் கோளாறில், போயிருப்பது பெரும்பாலும் டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓடும் ரப்பர் ஹோஸ்தான்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கருப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அப்போதுதான் டர்போவைச் சந்தேகப்பட வேண்டும். பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டியில் கரும்புகையை எதிர்பார்க்காதீர்கள், அதைப் புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டியான டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே செக் எஞ்சின் விளக்கோடு வண்டி இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். ஸ்கேனரில் பி0299 என்ற கோட் வந்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைவு என்று மட்டும்தான் அர்த்தம். டர்போவை மாற்று என்று அந்தக் கோட் சொல்லவில்லை.

ஹோஸின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், கிழிசல் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். வண்டி நிற்கும்போது மூடிக்கொண்டு, லோடில் அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கும். அதனால் நியூட்ரலில் ரேஸ் பண்ணிப் பார்த்து "லீக் இல்லை" என்று சொல்வதில் பயனில்லை. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை வெளியே எடுத்து வளைத்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் சோதனை இன்னும் நல்லது: டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து, எஞ்சின் அடியறையின் ஆவியை வெளியே விடும் கிராங்க்கேஸ் பிரீத்தர் குழாயையும் தனியாக அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 10 பிஎஸ்ஐ காற்று மட்டும் கொடுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை அப்படியே திறந்துவிட்டால் நல்லா இருக்கிற சீலும் போய்விடும். இன்டர்கூலரின் ஓரத் தையலிலும் நுரை வருகிறதா பாருங்கள்.

அடுத்தது வேக்குவம். டர்போவின் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் சூட்டில் விறைத்து வெடிக்கும், எலியும் கடிக்கும். கை வேக்குவம் பம்பை மாட்டி இழுத்தால் ஆக்சுவேட்டர் ராடு தடங்கலில்லாமல் முழுதும் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தால் உள்ளே டயாபிரம் கிழிந்திருக்கிறது. நகரவே இல்லையென்றால் டர்போவுக்குள் திரும்பும் விஜிடி இறக்கைகளில் கரி பிடித்திருக்கலாம். இழுவை குறைந்ததோடு பிரேக் பெடலும் கல் மாதிரி ஆகிவிட்டதா? பிரேக்குக்கும் உதவும் வேக்குவம் பம்பையோ அதன் பெரிய குழாயையோ பாருங்கள். அந்த வண்டியைக் கணவாயில் இறக்கவே கூடாது.

காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சோதிக்கச் செலவே இல்லை. சாவி ஆன், எஞ்சின் ஆஃப். ஸ்கேனர் தர்மபுரியில் 96 கிலோபாஸ்கல் அளவிலும், உயரமான ஓசூரில் 91 அளவிலும் காட்ட வேண்டும். இதை விட்டு ரொம்ப விலகினால் பூஸ்ட் சரியாகவே இருந்தாலும் ஸ்கேனர் பொய் சொல்லும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் காற்றுக் குழாயைக் கழற்றி டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது. குழாயில் ஆயில் ஈரம் மட்டும் இருந்தால் பயப்படாதீர்கள், பிரீத்தர் வழியாக அது வரத்தான் செய்யும். தேங்கி நின்றால்தான் கவலை.

ஏனென்றால் அந்த ஆயிலை உறிஞ்சியே எஞ்சின் ஓட ஆரம்பிக்கலாம். சாவியை அணைத்தாலும் நிற்காது, ரேஸ் ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கியர் வண்டியை நிறுத்தி, டாப் கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி கிளட்சைச் சட்டென்று விடுங்கள். பானெட் பக்கம் யாரையும் விடாதீர்கள். காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போவது மகா ஆபத்து.

புது டர்போ போட்டு ஒரு வாரத்தில் மறுபடியும் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயில் வராததுதான். ஏற்றம் ஏறி வந்ததும் டீக்கடையில் சட்டென்று அணைத்தால் ஷாஃப்டைச் சுற்றி நிற்கும் ஆயில் வெந்து கரியாகும். ஆயில் ஃபீட் குழாயும் உள்ளே சுருங்கிவிடும். அணைக்கும் முன் 2 நிமிடம் ஐடிலில் விடச் சொல்வது அதற்குத்தான். அந்தக் குழாயைக் கழுவி மாட்டாதீர்கள், புதுசு போடுங்கள். ஆயில் வாயில் கேஸ்கெட் பேஸ்ட் தடவவே கூடாது, பிதுங்கி துளையை அடைத்துவிடும். இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பழைய ஆயிலையும் உலோகத் தூளையும் வடியுங்கள். டர்போவின் ஆயில் வாயில் புது எஞ்சின் ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசலைத் துண்டித்து, 10 விநாடி வெறும் செல்ஃப் அடித்து, இணைத்து ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் ஐடிலில் விடுங்கள். அதுவரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள்.