இரண்டு எண்ணும் வரை

வெள்ளவத்தை, காலி வீதி சிக்னல். பச்சை விழுந்தது. நியூட்ரலில் கிடந்த ஆட்டோமேட்டிக் கியரை 'டி'க்கு, அதாவது டிரைவுக்குத் தள்ளி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பிறகு அடிவயிற்றில் யாரோ உலக்கையால் இடித்ததுபோல் ஒரு சத்தம். வண்டி துள்ளிப் பாய்ந்தது. பின்சீட்டில் மகன் மடியில் வைத்திருந்த இடியாப்பப் பொட்டலம் பறந்து, சம்பல் முழுவதும் கதவில் அப்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, ஜோசியர் பலன் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "நோனா, கியர் பெட்டிய இவரய்."

எனக்கு அப்போது சிங்களம் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். 'பெட்டி' புரிந்தது. 'இவரய்' யார், அவருக்கும் என் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். மாடி வீட்டு அக்கா சிரித்து முடித்துவிட்டுப் பொருள் சொன்னார்: "முடிந்தது."

அந்த முடிந்த பெட்டி உள்ள வண்டிக்கு நாங்கள் கொடுத்த விலை 65 லட்சம் ரூபாய். இலங்கை ரூபாய்தான், ஆனாலும் இந்தியக் காசில் 18 லட்சத்துக்கு மேல் வரும். வண்டி 2007இல் பிறந்தது. பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் விலையைச் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். "புது வண்டியா?" என்றாள் பிறகு. பதினேழு வருடம் ஓடிய வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊரில் பதினைந்து வருடம் ஆனாலே மறுபதிவுக்கு அலையவேண்டும், பாதிப் பேர் அதற்குமுன் தள்ளிவிடுவார்கள். கொழும்பில் கணக்கு தலைகீழ். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான வண்டிகளுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நாங்கள் வாங்கியது 2024 கடைசியில். ஐந்து வருடம் புது வண்டியே வராத ஊரில், உள்ளூரில் இருந்த ஒவ்வொரு பழைய வண்டியும் நகைபோல ஆகிவிட்டது. ஓட்டத் தேய்ந்தது, விலை ஏறியது. இதை என் கணவர் "முதலீடு" என்று சொல்லிச் சொல்லித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

விற்றவர் எங்கள் ஒழுங்கையிலேயே கடைசி வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா. மகளோடு இருக்கக் கனடாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அதே வாரம் அவர் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அட்டைப்பெட்டி உபரி, அவருக்குப் பற்றாக்குறை. பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. வண்டிச் சாவியை "திறப்பு" என்று சொல்லிக் கையில் வைத்தபோது, கூடவே ஒரு தடித்த கோப்பையும் தந்தார். டயர் மாற்றிய தேதி முதல் வைப்பர் ரப்பர் வாங்கிய ரசீது வரை அதில் இருந்தது. முன்கண்ணாடியின் மூலையில் 2022 பெட்ரோல் தட்டுப்பாட்டில் பங்கீடு வாங்க ஒட்டிய கியூஆர் அட்டை, வெயிலில் வெளுத்து. அந்த வருடம் வரிசையில் நின்று இரண்டு இரவு இந்த வண்டிக்குள்ளேயே நித்திரை கொண்டதாகச் சொன்னார். ஏதோ கோயில் திருவிழாவுக்குப் போய்வந்ததுபோல் சொன்னார்.

"ஒரு விஷயம் மட்டும், பிள்ளை. 'டி' போட்டதும் இரண்டு எண்ணுங்கள். அதற்குப் பிறகுதான் மிதிக்கவேண்டும். அவள் கொஞ்சம் யோசித்துத்தான் புறப்படுவாள்."

வண்டியை "அவள்" என்றதில் நான் மயங்கிவிட்டேன். அது கோளாறுக்கான ஒப்புதல் வாக்குமூலம் என்பது பிறகுதான் உறைத்தது.

குறையில் என் பங்கும் உண்டு. நான் ஓட்டப் படித்தது அப்பாவின் அம்பாசடரில். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கியர் தண்டு, அதை ஒவ்வொரு முறையும் உரலாட்டுவதுபோல் ஆட்டவேண்டும். சிக்னல் என்றால் நியூட்ரல். அது அப்பாவின் சட்டம். வண்ணார்பேட்டையில் சிவப்பு விழுந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறிப்பார். கொழும்பில் ஆறு மாதம் ஆகிவிட்டது, கொழும்புக்காரியாகவே ஆகிவிட்டேன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்த நாட்களிலும், சிவப்பைக் கண்டால் என் இடது கை தானாக நியூட்ரலுக்குப் போகும், இடது கால் இல்லாத கிளட்ச் பெடலைத் தேடித் தரைவிரிப்பை மிதிக்கும். குற்றாலத்துக்குப் போகும் வழியில் தென்காசி தாண்டியதும் சன்னலில் சாரல் அடிக்குமே, அந்த ஈரம் வரை ஞாபகம் வந்துவிடும். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தபிறகுதான் நான் கொழும்பில் இருப்பேன்.

மாடி வீட்டு அக்கா மாளிகாவத்தையில் ஒரு கராஜுக்கு அனுப்பினார். "நானா என்று கூப்பிடுங்கள், நல்ல மனிதர்." நானா என்றால் அண்ணன். காயல்பட்டினத்தில் அதையே 'காக்கா' என்று அழைத்துப் பழகியவள் நான், எனக்கு இது கஷ்டமில்லை. நானா என்ஜினை ஓடவிட்டு, 'பி'யில், அதாவது பார்க்கில் நிறுத்தி, கியர் எண்ணெயின் அளவுகம்பியை உருவி ஒரு வெள்ளைத் தாளில் துடைத்தார். கியர் எண்ணெய் புதிதில் மாதுளைச் சாறுபோல் சிவப்பாக இருக்குமாம். தாளில் விழுந்தது கடுங்காப்பி நிறம். மூக்கருகே நீட்டினார். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுச் சுட்டுக் கடைசி ஈடு கருகும்போது வரும் அதே வாடை.

"சிக்னலில் நியூட்ரல் போடுகிறீர்களா, மிஸ்?"

சர்க்கரை நோயாளியிடம் மருத்துவர் "இனிப்புச் சாப்பிடுகிறீர்களா" என்று கேட்கும் குரல். ஒப்புக்கொண்டேன்.

"விட்டுவிடுங்கள். 'டி'யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் பிடித்து, விட்டு, பிடித்து, அதுவும் நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும்போது பிடித்தால், தேயாமல் என்ன செய்யும்?"

கோப்பு முழுவதும் புரட்டினார். எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது, கியர் எண்ணெய்க்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஓடுகிற பெட்டியில் கைவைக்கக்கூடாது என்பது ஐயாவின் கொள்கை. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு என்றார் நானா. தட்டுகள் தேய்ந்த தூள் பழைய எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும், அந்தச் சொரசொரப்பில்தான் சில பெட்டிகள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் வைத்து ஒரே நாளில் கழுவி எடுத்தால் மறுநாள் வழுக்க ஆரம்பிக்கலாம். அவர் வழி வேறு: பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, வடிகிற நாலு லிட்டரை மட்டும் மாற்றுவது. மீதி எப்படியும், என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் இன்னும் ஒருமுறை. "அதற்கும் சரிவராவிட்டால் பஞ்சிகாவத்தை," என்றார். ஜப்பானில் கழற்றிய பெட்டி அங்கே கிடைக்கும். விலையைச் சொன்னார். நான் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் முதலில் சட்டியைப் பார்க்கவேண்டும். அதன் அடியில் சின்னச் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும், பெட்டிக்குள் உதிர்கிற இரும்பெல்லாம் அங்கேதான் வந்து சேரும். நானா ஒரு காந்தத்தை எடுத்தார். அதன்மேல் சாம்பல் நிறத்தில் முள்ளம்பன்றிபோல் ஒரு பூச்சு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார், மெதுவாக. விரலை வெயிலில் பிடித்து, திருப்பி, மறுபடி தேய்த்தார். நான் பரீட்சை முடிவுக்கு நிற்பவள்போல் நின்றேன்.

"மை மாதிரி இருக்கிறது. இரும்புச் சில் இல்லை. மின்னினால்தான் பயம்."

குழைத்த விபூதிபோல அவர் விரலில் அது இருந்தது. பூசிக்கொள்ளாததுதான் குறை.

இரண்டாம் முறையும் எண்ணெய் மாற்றியாகிவிட்டது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது இன்னும் ஒரு சின்ன விக்கல் உண்டு. கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் கியரைக் குறைத்துப் பொறுமையாக ஏறுகிறேன், பின்னால் வருகிற பஸ்காரர் என்ன நினைத்தாலும் சரி. சிக்னலில் கை நியூட்ரலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வண்ணார்பேட்டை மட்டும் எப்போதாவது வரும்.

போன ஞாயிறு ஐயா ஸ்கார்பரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைத்தார். அவர் சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. எங்கள் சுகம் கேட்டார், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கேட்டார், ஒழுங்கை முனைக் கடையில் பாண் இன்னும் சூடாகக் கிடைக்கிறதா என்று கேட்டார். அங்கே மருமகன் மின்சாரக் கார் வைத்திருக்கிறாராம், சத்தமே வராதாம், ஏறி உட்கார்ந்தால் புறப்பட்டதா இல்லையா என்றே தெரியவில்லையாம். பிறகு கொஞ்சம் தயங்கி, "பிள்ளை, கீழே போய் அவளை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணமுடியுமா?" என்றார்.

தொலைபேசியை டாஷ்போர்டில் சாய்த்துவைத்து, என்ஜின் சூடாகும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். பிரேக்கை மிதித்து 'டி'க்குத் தள்ளினேன். அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

"ஒன்று..."

வண்டி மெல்லக் குலுங்கி, பிடித்துக்கொண்டது.

"ஒன்றுதானா?" என்றார் ஐயா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னொருமுறை போடுங்கள், பார்ப்போம்."