சாப்பாடு ஏறியது, எடை இறங்கியது

பசியில்லாமல் ஒருவர் இளைத்தால் வீடே பதறும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைத்தால், ‘உடம்புவாகு அப்படி’ என்று விட்டுவிடுவார்கள். எனக்கு நடந்தது இரண்டாவது. 54 கிலோ இருந்தவள் ஒரு வருடத்துக்குள் 46க்கு வந்துவிட்டேன். அதே சமயம் சாப்பாடு முன்பைவிட இரண்டு பங்காகியிருந்தது. காலையில் ஏழெட்டு இட்லி உள்ளே போனாலும் பதினொரு மணிக்கு மறுபடி பசிக்கும்.

‘இளைத்தவனுக்கு எள்ளு’ என்பதில் அம்மாவுக்கு அசையாத நம்பிக்கை. எள்ளுருண்டை, உளுந்தங்களி, நெய் ஊற்றிய பருப்புச் சாதம், ராத்திரி பாலோடு நேந்திரம்பழம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. உறவுக்காரர் ஒருவர், ஒரே மாதத்தில் சதை பிடிக்கும் என்று ஒரு பவுடர் டப்பாவை வாங்கி வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. நான் தொடவில்லை. இந்த மாதிரிப் பவுடர்களில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. அதில் முகம் ஊதும், அதைச் சதை என்று நினைத்துக்கொள்வோம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எடையோடு வேறு சிலவும் சேர்ந்திருந்தன. மார்கழியில் எல்லோரும் போர்வைக்குள் இருக்க, எனக்கு மட்டும் மின்விசிறி வேண்டும். படுத்தால் நெஞ்சு படபடப்பு காதுக்குள் கேட்கும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைக்கும் கம்பி நெளிநெளியாக விழுந்தது. மாவு ஈரமாகிவிட்டதோ என்று டப்பாவை மாற்றிக்கூடப் பார்த்தோம்.

முதலில் போன கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள். அது சரிதான், பசியும் இளைப்பும் சேர்ந்து வந்தால் சர்க்கரையைப் பார்த்தே ஆகவேண்டும். அளவு சாதாரணமாக இருந்தது. பூச்சி மாத்திரை கொடுத்து, “கல்யாணம் ஆனா தானா சதை போடும்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. எத்தனை பெண்களை இப்படி ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்!

அப்புறம் பார்த்த பொதுநல மருத்துவர் அதிகம் பேசவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னார். மேஜையில் இருந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் விரல்கள்மேல் வைத்தார். தாளின் ஓரம் படபடவென்று துடித்தது. நாடி நிமிடத்துக்கு 110க்கு மேல். கழுத்தைத் தொட்டுப் பார்த்து எச்சில் விழுங்கச் சொன்னார். உடனே தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

“தைராய்டுன்னா குண்டாத்தானே ஆவாங்க?” என்று சித்தி கேட்டார். நம் வீடுகளில் அப்படித்தான் தெரியும். சுரப்பு குறைந்தால் உடம்பு போடும். அதிகமானால் சாப்பிட்டதை எல்லாம் எரித்துவிட்டு, போதாமல் தசையையும் கரைக்கும். தரையிலிருந்து எழ முடியாமல் போனது அதனால்தான். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே இருந்தது, பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். எண் குறைவாக இருப்பதைப் பார்த்துத் தைராய்டு குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் வழிந்தால் அந்த உத்தரவு நின்றுவிடும். எனக்கு டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன்கள் இரண்டும் எகிறியிருந்தன.

அடுத்தது ஸ்கேன். கையில் ஒரு சின்ன ஊசி, கொஞ்ச நேரம் கழித்து கேமராவுக்குக் கீழே அசையாமல் படுக்க வேண்டும். இதைத் தவிர்க்கலாமா என்று கேட்டேன். சுரப்பி வீங்கி, சேர்த்துவைத்த ஹார்மோன் கசிந்தாலும் ரத்தத்தில் இதே மாதிரிதான் காட்டும். அதற்கு நான் சாப்பிடப்போகும் மாத்திரை உதவாது என்றார். ஸ்கேனில் சுரப்பி முழுவதும் ஊசியில் போட்ட மருந்தை இழுத்திருந்தது. அதாவது கசிவு இல்லை, சுரப்பியே அதிகமாகச் சுரக்கிறது. கிரேவ்ஸ் நோய். நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கோளாறு.

கார்பிமசோல் தொடங்கினேன், படபடப்புக்கு ப்ரோப்ரனலால். படபடப்பும் நடுக்கமும் சீக்கிரம் அடங்கின. எடை அசையவில்லை. கார்பிமசோல் புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சுரப்பியில் இருப்பு உள்ள ஹார்மோன் தீரச் சில வாரங்கள் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியிருந்தார்: காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளையணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாக இந்த மருந்து வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும். எனக்கும் ஒருமுறை தொண்டை வலித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், வெறும் சளிதான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹார்மோன் அளவு இறங்கியதும் எடை வேகமாக ஏறியது, ஏனென்றால் பழைய பசி உடனே போகவில்லை. கரைந்த தசை திரும்ப வேண்டுமென்று தினமும் முட்டை, சுண்டல் சேர்த்து, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்தேன். இப்போது 53 கிலோ. இட்லி நாலோடு நிற்கிறது. டி.எஸ்.எச். மட்டும் மெதுவாகத்தான் மேலே வந்தது, அது பல மாதங்கள் எடுக்குமாம். மாத்திரையை ஒன்றரை வருடம் வரை தொடரச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்துவதற்கு முன், தைராய்டைத் தூண்டிவிடும் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை இருக்கிறது. நிறுத்திய பிறகு திரும்பி வந்தால், ரேடியோ அயோடின் (சுரப்பியைக் கதிரியக்கத்தால் அடக்கும் மருந்து) அல்லது அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும்.