நீட்ஸ் கடன் ஃபைலை நகர்த்திய அனுபவம்: தொழில் மையத்திலிருந்து வங்கி வரை

தொழில் தொடங்க அரசு மானியக் கடன் கேட்டுப் போகிறவர்கள் முதலில் திணறுவது, எந்த அலுவலகம் எதைச் செய்கிறது என்று தெரியாமல்தான். தமிழ்நாட்டில் சிப்காட் வளாகங்கள், பெரிய ஆலைகள், வெளிநாட்டு முதலீடு எல்லாம் தொழில் துறை பார்ப்பது. சிறு தொழிலுக்குக் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை தனியாக இருக்கிறது. மாவட்டத்தில் அதன் முகம் மாவட்டத் தொழில் மையம். அதற்குத் தலைவர் பொது மேலாளர். சென்னையில் மட்டும் கிண்டியில் உள்ள மண்டல இணை இயக்குநர் அந்த வேலையைப் பார்க்கிறார். மனை, ஷெட் வேண்டுமென்றால் சிட்கோ. பயிற்சிக்குத் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம். கடனுக்கு வங்கி, அல்லது 1949 முதல் இயங்கும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம்.

தொழில் மையம் கடன் தருவதில்லை, பரிந்துரை மட்டுமே செய்கிறது. கடன் தரலாமா என்று முடிவு செய்வது வங்கி. எங்கள் கையில் வந்த ஃபைல்களில் பாதிக்கு மேல் சிக்கிக்கொண்டது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

2012-13இல் தொடங்கிய நீட்ஸ் (NEEDS) என்ற தமிழ்நாடு அரசின் மானியக் கடன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. திட்டச் செலவு 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை இருக்கலாம். மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம். கணக்குப் போட்டால் 3 கோடியிலேயே அந்த வரம்பு வந்துவிடுகிறது. அதற்கு மேல் திட்டம் எவ்வளவு பெருத்தாலும் மானியம் ஏறாது. வட்டியிலும் 3 சதவீதச் சலுகை உண்டு, தவணை தவறாமல் கட்டினால். சொந்தப் பங்கு பொதுப் பிரிவு ஆண்களுக்கு 10 சதவீதம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் முதலான சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவீதம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் விண்ணப்பிக்கும் முன் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். அதில் மானியம் 35 சதவீதம், 1.5 கோடி வரை. வட்டிச் சலுகை 6 சதவீதம்.

விண்ணப்பம் துறையின் இணையதளத்தில். மாற்றுச் சான்றிதழ், கல்விச் சான்று, சாதிச் சான்று, குடும்ப அட்டை, நோட்டரி கையெழுத்துடன் உறுதிமொழிப் பத்திரம், இயந்திரக் கொட்டேஷன், திட்ட அறிக்கை ஆகியவற்றை ஏற்ற வேண்டும். இதெல்லாம் ஒருநாள் வேலை. ஆனால் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும் முன் வங்கிக் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். எந்தக் கிளைக்குப் பரிந்துரை போக வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுகிறோம். அந்த மேலாளர் உங்கள் முகத்தையே பார்த்ததில்லை என்றால், மாவட்டத் தேர்வுக் குழு ஒப்புக்கொண்ட ஃபைல்கூட மேசையில் கிடக்கும். உங்கள் பழைய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் முன்கூட்டி எடுத்துப் பாருங்கள். எப்போதோ அடைத்த பழைய நகைக்கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ அதில் இன்னும் 'நிலுவை' என்று நிற்கலாம். அதைத் திருத்துவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

திட்ட அறிக்கையை ஆடிட்டரிடம் எழுதி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு 40 லட்சத்தில் ஒரு சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத் பட்டறை. இயந்திரம் 28, ஷெட் 5, மின் வேலை 2, நடைமுறை மூலதனம் 5 லட்சம் என்று வைப்போம். பொதுப் பிரிவு என்றால் உங்கள் பங்கு 4 லட்சம், வங்கிக் கடன் 36 லட்சம். மானியம் 10 லட்சம் வரை வரும், ஆனால் அது கைக்கு வரும் பணமல்ல. வங்கிக்குப் போய்க் கடனில் கழிகிறது. 'மானியம் வந்ததும் அதில் இயந்திரம் வாங்கிக்கொள்வேன்' என்று கணக்குப் போட்டவர்கள் நடுவழியில் நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

பெரும்பாலோர் ஏமாறுவது கொட்டேஷனில். அதன் செல்லுபடி பெரும்பாலும் 30 நாள். கடன் ஒப்புதலாகி வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் விலை ஏறினால் வித்தியாசம் உங்கள் பாக்கெட்டிலிருந்து. எனவே விற்பவரிடம் முன்பே பேசி விலையை நிறுத்தி வைக்கப் பாருங்கள், கொட்டேஷனில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புதலுக்கு முன் இயந்திரம் வாங்காதீர்கள். பில் தேதி முந்தியிருந்தால் அது ஏற்கெனவே நடக்கும் தொழில் என்றாகிவிடும், மானியம் போய்விடும். சொந்தப் பங்கையும் வங்கிக் கணக்கில் போட்டு அங்கிருந்தே விற்பவருக்கு அனுப்ப வேண்டும். ரொக்கமாகக் கொடுத்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வாடகை இடம் என்றால் 11 மாத ஒப்பந்தம் பயன்படாது. கடன் காலம் முழுவதற்கும் குத்தகை போட்டுப் பதிவு செய்ய வேண்டும். மின் இணைப்பையும் பாருங்கள். முன்பு கடை இருந்த கட்டடமென்றால் வணிகக் கட்டணத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தொழிற்சாலைக்குரிய III-பி கட்டணப் பிரிவுக்கு மாற்றாவிட்டால் மாதாமாதம் இழப்பு. மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்களை நிறம் பிரிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பட்டியலில் உங்கள் தொழில் வெள்ளையா, பச்சையா, ஆரஞ்சா, சிவப்பா என்று இடம் பிடிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆரஞ்சுத் தொழிலுக்குக் குடியிருப்பு நடுவே ஷெட் பிடித்துவிட்டு அட்வான்ஸை இழந்தவர்கள் உண்டு.

ஃபைல் வங்கியில் நகரவில்லையா? தொழில் மையத்துக்கே திரும்பத் திரும்ப நடப்பதில் பலன் குறைவு. மாவட்டத்தின் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் விண்ணப்ப எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். வங்கிகளின் கடன் நிலவரத்தை ஆட்சியர் தலைமையில் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கும் மாவட்ட ஆலோசனைக் குழு இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் கேட்டால் ஃபைல் ஓரளவு அசைகிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை' என்பது காரணமல்ல. சொத்து ஜாமீன் இல்லை என்பது காரணமென்றால், சொத்து ஜாமீன் இல்லாத சிறு தொழில் கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

கடன் விடுவித்த பிறகு கவனிக்க வேண்டியது தவணை விடுமுறை, அதாவது தவணை கட்டத் தொடங்கும் முன் தரும் அவகாசம். ஷெட் வேலை இழுத்தால் இயந்திரம் ஓடும் முன்பே விடுமுறை முடிந்துவிடும். விடுமுறை எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்று ஒப்புதல் கடிதத்தில் தேடிப் படியுங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதல் பில் போடும் முன்பே முடித்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அந்தப் புகாரைக் கேட்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும்போது முதலில் பார்ப்பது, சரக்கு அனுப்பிய நாளில் உங்களிடம் உத்யம் எண் இருந்ததா என்பதைத்தான்.