சுமையில்லாத நடை

நாங்கள் வாக்கிங் கிளம்புவது என் மாமனாருக்கு இன்னும் வேடிக்கைதான். வெறுங்கையோடு மலை ஏறி, வெறுங்கையோடு இறங்கி வர ஒரு காலைப்பொழுதை எதற்கு வீணாக்க வேண்டும் என்பார். "மேல என்ன, மாடா நிக்குது?" சில நாள் மாடு நிற்கத்தான் செய்யும். அது எங்கள் மாடு இல்லை, அவ்வளவுதான்.

கணவரின் ஊர் போர்ச்சுகலின் வடமேற்கு மூலையில், மீன்யு பகுதியில், லிமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒரு மலைக் கிராமம். மலையைத் தாண்டினால் ஸ்பெயின். நாங்கள் குடியிருப்பது பிராகா நகரத்தில், காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நம்மூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் லிஸ்பனில் டிராம் ஏறிவிட்டு, அல்கார்வ் கடற்கரையில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். குறை சொல்ல முடியாது, இந்தப் பக்கம் மழை ஜாஸ்தி. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற மேகம் இந்த மலைகளில் முட்டித்தான் கொட்டுகிறது. அதனால் கருங்கல் சுவரெல்லாம் பாசி. வீட்டுக்கு வீடு, தலை கட்டாத ஒரு கோஸ் செடி நீளத் தண்டோடு இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கும். வயல் ஓரங்களில் கல்தூண் நட்டுத் திராட்சையைப் பந்தலில் ஏற்றியிருப்பார்கள். நடுநிலம் மக்காச்சோளத்துக்கு.

மலைக்குமேல் பெனேடா-ஜெரேஷ் தேசியப் பூங்கா. 1971-இல் அறிவிக்கப்பட்டது. நாட்டில் தேசியப் பூங்கா என்று இருப்பது இது ஒன்றுதான். பூங்கா என்றதும் வேலி, நுழைவுச்சீட்டு என்று நினைக்க வேண்டாம். உள்ளேயே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மாடு மேய்கிறது, ஓநாயும் இருக்கிறது. நடைபாதைகளில் பாறையிலும் மரத்திலும் மஞ்சள், சிவப்பு என இரண்டு கோடு தீட்டியிருக்கும். அப்படியிருந்தால் சரியான வழி. அதே இரண்டு நிறமும் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது.

மாமனாரோடு நடந்தால் கோடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு வேலை இருக்கிறது. "இது தோஜு அறுத்துட்டு வந்த வழி" என்பார். தோஜு ஒரு முள்செடி. வசந்தத்தில் மலை முழுக்க மஞ்சளாகப் பூப்பது அதுதான், நாங்கள் நின்று படம் எடுப்பதும் அதைத்தான். அந்தக் காலத்தில் அதை அறுத்துக் கட்டி, தலைச்சுமையாகவோ மாட்டு வண்டியிலோ கொண்டுவந்து தொழுவத்தில் பரப்புவார்கள். மாடு மிதித்து, சாணியும் மூத்திரமும் சேர்ந்து மக்கினால் அதுவே சோள வயலுக்கு எரு. பழைய வீடுகளில் கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதருக்கு. குளிர்காலத்தில் மாட்டின் உடம்புச் சூடு பலகை இடுக்கு வழியாக மேலே வரும். "வாசனையும் வரும்" என்று மாமியார் சேர்த்துக்கொள்வார்.

விருந்தினர் யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிப்போவது சுவாஜுவுக்கு. ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது. அந்தக் காலத்துத் தண்டனைத் தூண் என்கிறார்கள், ஆனால் அதில் செதுக்கியிருப்பது ஒரு சிரித்த முகம். அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் பெரிய கருங்கல் பாறை ஒன்று வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். அதன்மேல் 24 தானியக் களஞ்சியங்கள். எஷ்பிகெய்ரு என்று இங்கே சொல்வார்கள். கல்லால் கட்டிய, குறுகலான, நீளமான அறைகள், உச்சியில் சிலுவை. முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோருமே கல்லறை என்றுதான் நினைக்கிறார்கள். என் மகளும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பக்கத்தில் போனாள். உள்ளே இருப்பது மக்காச்சோளம் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் குட்டையான கல்கால்களில் நிற்கிறது. காலுக்கும் அறைக்கும் நடுவே, காலைவிட அகலமான தட்டைக் கல் ஒன்று செருகியிருக்கிறது. கால் வழியாக ஏறும் எலி அந்தத் தட்டுக்கு அடியில் வந்து மாட்டிக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைத் தாண்ட முடியாது. பக்கச் சுவர்களில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்குகள். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும், மழைச்சாரல் உள்ளே வராது. இவ்வளவு ஈரமான ஊரில் கதிர் பூஞ்சை பிடிக்காமல் காய இதைவிட்டால் வழியில்லை. இருப்பதிலேயே பழையதில் 1782 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. சோளம் இவர்களுக்கும் வந்த பயிர்தான். அமெரிக்காவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்து, இந்த மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வயலாக்க வைத்துவிட்டது. பாறையிலேயே களம் அமைத்ததற்கும் காரணம் உண்டு, விளைகிற மண்ணை வீணாக்கக் கூடாது.

கதிர் உரிக்கும் இரவுகளைப் பற்றி மாமியாரிடம் கேட்டால் அன்றைக்குச் சமையல் தாமதமாகும். அறுவடை முடிந்ததும் ஊர் மொத்தமும் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து உரிப்பார்கள், மறுநாள் அடுத்த வீடு. எங்காவது ஒரு கதிர் சிவப்பாக அகப்படும். அது யார் கையில் கிடைத்ததோ அவர் அங்கிருக்கிற எல்லோரையும் கட்டிப்பிடிக்கலாம், கேள்வி கிடையாது. கல்யாண வயதுப் பையன்கள் போன வருஷத்துச் சிவப்புக் கதிரைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவார்களாம். "உங்க மாமா ஒரே ராத்திரியில மூணு எடுத்தார்" என்றார் ஒருமுறை. மாமனார் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுவாஜுவிலிருந்து லிண்டோசு வரை காரில் போய், அங்கே கோட்டையடியில் இறங்கி நடப்பது இன்னொரு வழக்கம். கோட்டை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் காலடியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட எஷ்பிகெய்ருகள். கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் எதிரே தெரியும் மலை ஸ்பெயின். அங்கே போனால்தான் மாமனார் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவார். வீட்டில் பேசமாட்டார்.

1960-களில் இங்கே சலாசாரின் சர்வாதிகாரம். 1961-இலிருந்து ஆப்பிரிக்கக் காலனிகளில் போர் வேறு. நிலம் துண்டுதுண்டாகக் கிடந்தது, வயிற்றுக்குப் பற்றவில்லை. பாஸ்போர்ட் சாமானியருக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் ஆட்கள் இரவோடு இரவாக மலை வழியே எல்லை தாண்டி, ஸ்பெயினைக் கடந்து, பிரனீஸ் மலையும் தாண்டிப் பிரான்சுக்குப் போனார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போன காலம் அது. கூட்டிக்கொண்டு போக ஏஜென்டுகள் இருந்தார்கள். பணத்தை முழுக்க முன்கூட்டியே கொடுத்தால் ஆளை நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடலாம். அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். போகிறவர் தன் புகைப்படத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வீட்டில் கொடுத்துவிட்டு மறுபாதியோடு கிளம்புவார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் தன் பாதியை அனுப்புவார். இரண்டும் பொருந்தினால் வீட்டார் மீதிப் பணத்தைத் தர வேண்டும்.

எங்கள் வீட்டுப் படம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்தது, உள்ளங்கையைவிடச் சிறியது. கிழிசல் நெற்றியில் தொடங்கி இடது கண்ணை ஒட்டி இறங்கிச் சட்டைக் காலர் வரை வருகிறது. பின்னால் செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள், அது பழுத்து நொறுங்குகிறது. ஊரில் இருந்த பாதி வெளுக்கவே இல்லை. பயணம் போன பாதி முழுக்க மடிப்பும் ஈரக்கறையும். நேராக ஒட்டியும் இரண்டு பாதியும் ஒரே நாளில் எடுத்த படம் மாதிரித் தெரியாது.

தாத்தா போய்ச் சேர்ந்த இடம் பாரிஸுக்கு வெளியே ஷாம்பின்யி. அங்கே தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் ஆயிரக்கணக்கான போர்ச்சுகீசியர்கள் இருந்தார்கள். அவருக்குக் கட்டட வேலை. இங்கே பாட்டி, மூன்று பிள்ளைகள், மாடு, சோளம். கோடையில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். நம்மூர் முறைப்பாசனம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாட்டியின் முறை பல நாள் நடு இரவில் விழுந்ததாம். லாந்தரைப் பிடித்துக்கொண்டு கூடப் போனது அப்போது பத்து வயதுப் பையனாக இருந்த மாமனார். மண்கட்டியும் கல்லும் வைத்து அடைத்த மடையைச் சரியான நேரத்துக்குத் திறக்காவிட்டால் பக்கத்து வயல்காரர் திறந்துவிடுவார். "அப்பா போன பாதையைவிட அந்த வாய்க்கால் வரப்புதான் எனக்குப் பயம்" என்றார். சுற்றுலா வழிகாட்டிப் பலகைகளில் இதெல்லாம் வராது. பறவைகளின் பெயர் நன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

லிண்டோசுவுக்கு மேலே பெரிய அணை ஒன்று உண்டு. 1992-இல் அதில் நீர் தேக்கியபோது ஸ்பெயின் பக்கம் இருந்த அசெரெடோ என்ற ஊர் மூழ்கிப்போனது. 2022 தொடக்கத்தில் கடும் வறட்சி, தண்ணீர் இறங்கி ஊர் வெளியே வந்துவிட்டது. கூரையில்லாத வீடுகளைப் பார்க்க ஏகக் கூட்டம். மாமனாரும் போனார். சின்ன வயதில் மிட்டாய் வாங்கப் போன தெருவாம். சேற்றில் இறங்கி அந்தக் கடை வாசலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "இதுதானா இவ்வளவு சின்னது" என்று திரும்பிவிட்டார்.

லிமா ஆற்றைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ரோமானியப் படை, இதைத் தாண்டினால் எல்லாம் மறந்துவிடும் என்று பயந்து ஆற்றில் இறங்க மறுத்ததாம். தளபதி தான் மட்டும் கடந்து போய், அக்கரையில் நின்று வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தாராம். பொன்தே த லிமா ஊரில் ஒரு கரையில் குதிரைமேல் தளபதிக்கும், எதிர்க்கரையில் வீரர்களுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். என் மகன் பழைய பாலத்தைத் தாண்டி ஓடி, அங்கிருந்து எங்கள் பெயரையெல்லாம் கத்தினான். சென்னையில் இருக்கிற சித்தப்பாவையும் விடவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. கஷேனா என்று குட்டையான, நீளக் கொம்பு மாடு மலையில் அவிழ்த்துவிட்டு மேயும், அதன் இறைச்சியும் அவரைப் பருப்புச் சோறும் இங்கே விசேஷம். சைவர்கள் பாடு கஷ்டம்தான். கோஸ் இலை சூப்பில்கூட ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும், முன்பே சொல்லிவிட வேண்டும். மக்காச்சோள ரொட்டியை மட்டும் விடாதீர்கள், வெளித்தோல் கல்லாக இருந்தாலும் உள்ளே ஈரமாக, லேசாகப் புளிக்கும். மே மாதமும் அக்டோபரும் நடக்க நல்ல காலம். ஆகஸ்டில் வெயிலும் காட்டுத்தீ பயமும் உண்டு. அப்புறம், பிரெஞ்சு நம்பர் பிளேட் போட்ட கார்கள் சந்து சந்தாக நிற்கும். போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும் மாதம் அது. தெருவில் பாட்டிகள் போர்ச்சுகீசில் திட்ட, பேரன்கள் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள்.

வரும் செப்டம்பர் முதல் வாரம் பெனேடா மாதா கோயில் திருவிழாவுக்கு மலை வழியே நடந்துபோவதாகத் திட்டம். பிரான்சிலிருந்து வரும் மாமனாரின் தம்பியும் சேர்ந்துகொள்கிறார். கோயிலுக்குப் போவது வேலைக் கணக்கில் வருவதால் மாமனாருக்கு இந்த நடையில் ஆட்சேபணை இல்லை. மாமியாரும் வருகிறேன் என்கிறார், காரில்.